திறக்கப்படாத சிலம்பு

மதுரைக்காரர் எவருக்கும் ஒரு தீர்ப்பின் கதை தெரியும். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலனைக் கள்வனாகக் காட்டினான். பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாமல் ஆணையிட்டான். கண்ணகி அவைக்கு வந்தாள். ஆறுதல் தேடி வரவில்லை, ஆதாரத்தோடு வந்தாள். சிலம்பு உடைந்தது, அரண்மனையின் முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. மன்னனும் பொற்கொல்லன்மீது பழியைப் போட்டுத் தப்பவில்லை. தானே கள்வன் என்று ஏற்று உயிர் துறந்தான். பொய்க் குற்றச்சாட்டைப் பற்றிய எந்தப் படைப்பையும் உரசிப் பார்க்கத் தமிழருக்கு இதைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை. மாதவன் எழுதி, இயக்கி, நடித்து 2022 ஜூலை 1 அன்று வெளிவந்து, சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதும் பெற்ற ‘ராக்கெட்ரி: நம்பி விளைவு’ என்னும் படத்தை அந்த உரைகல்லில் உரசிப் பார்க்க விழைகிறோம்.

படத்தின் நாயகர் நம்பி நாராயணன் நமக்கு அந்நியரல்லர். நாகர்கோவிலில் பிறந்த அவர், திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1966இல் தும்பா ஏவுதளத்தில் பணியில் சேர்ந்தார். அந்தத் தும்பா கத்தோலிக்கராகிய நமக்கு நெருக்கமான பெயர். கடற்கரை மீனவ மக்களின் புனித மரிய மகதலேனா ஆலயமும் ஆயரில்லமும், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் இசைவோடும் மக்களின் இசைவோடும் அறிவியலுக்குக் கையளிக்கப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட் அமெரிக்கா தந்தது. அது சுமந்து சென்ற கருவி பிரான்சு தந்தது. சோவியத் நாடும் உதவிகள் வழங்கியது. பனிப்போர் உச்சத்திலிருந்த காலத்தில், எதிரெதிர் வல்லரசுகள் ஓர் ஆலய வளாகத்தில் ஒரே பணிக்குக் கைகொடுத்தன. திருத்தந்தை 23ஆம் யோவான், ஆயுதச் சமநிலையால் அன்று, ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கையாலேயே அமைதி நிலைக்கும் என்று ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடலில் கற்பித்ததும் அதே 1963இல்தான்.

முப்பது ஆண்டுகளுக்குள் காட்சி மாறியது. கனமான செயற்கைக்கோள்களை உயரமான சுற்றுப்பாதைக்கு அனுப்பக் கிரையோஜெனிக் எஞ்சின் தேவைப்பட்டது. சுழியத்துக்குக் கீழ் 253 பாகையில் நீர்மமாகும் ஹைட்ரஜனையும், 183 பாகையில் நீர்மமாகும் ஆக்சிஜனையும் எரித்து இயங்கும் எஞ்சின் அது. 1991 ஜனவரியில் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது: எஞ்சினும் வரும், அதைச் செய்யும் நுட்பமும் வரும். அந்த ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு முறைமையைக் காரணங்காட்டி 1992 மே மாதத்தில் அமெரிக்கா இரு நிறுவனங்கள்மீதும் ஈராண்டுத் தடை விதித்தது. இவ்வகை எரிபொருளை நிரப்பவே நெடுநேரமாகும். நிரப்பியபின் ஆயத்த நிலையில் நிறுத்திவைக்கவும் இயலாது. போர் ஏவுகணைக்கு இது பொருந்தாது என்ற மறுப்பு எடுபடவில்லை. 1993இல் ரஷ்யா பணிந்தது. எஞ்சின்கள் மட்டும் வரும், நுட்பம் வராது என ஒப்பந்தம் சுருங்கியது. நம் பொறியாளர்கள் தாமே உருவாக்கிய எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறக்க 2014 ஜனவரி 5 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றின் நடுவேதான் 1994 நவம்பர் 30 அன்று நம்பி கைது செய்யப்பட்டார். மாலத்தீவுப் பெண்கள் வழியாக ராக்கெட் இரகசியங்களைப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ ஐம்பது நாள் காவலில் இருந்தார். 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கு பொய்யென அறிக்கை அளித்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

படத்தின் வலிமை அதன் பின்பாதி. சித்திரவதையும், மனைவி மீனாவின் மனம் சிதைவதும், அக்கம்பக்கத்தாரின் வெறுப்பும் மிகைக் குரலின்றிச் சொல்லப்படுகின்றன. மீனாவாக நடித்த சிம்ரன் பேசாமலே நம்மை உலுக்குகிறார். குற்றம் சாட்டப்பட்டவனோடு அவன் வீடும் சிறைப்படுகிறது என்பதை இத்துணை உண்மையாகக் காட்டிய தமிழ்ப் படங்கள் சிலவே.

முன்பாதியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. பிரான்சின் வெர்னான் நகரில் விகாஸ் எஞ்சினுக்கான அறிவு பெறப்பட்டதைப் படம் ஒரு சாமர்த்தியக் கதையாகச் சொல்கிறது, அரங்கம் சிரிக்கிறது. நடந்ததோ அதனினும் அழகானது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, நம் பொறியாளர்கள் நூறு மனித ஆண்டுகள் அளவுக்குப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு உழைப்பைத் தந்தார்கள். ஈடாக நுட்பத்தைப் பெற்றார்கள். உழைப்புக்கு அறிவு என்ற நேர்மையான பண்டமாற்று அது. அதைத் தந்திரமாகக் காட்டும்போது, நாட்டுக்காக என்றால் ஏமாற்றலாம் என்னும் எண்ணத்தைப் படம் அறியாமலே விதைக்கிறது. ரஷ்யாவிலிருந்து உதிரிகளைக் கொண்டுவரும் பகுதியும் சாகசப் படமாகவே விரைகிறது. 2022 ஆகஸ்டில் முன்னாள் இஸ்ரோ அறிவியலாளர் சிலர், படம் பலருடைய உழைப்பை ஒருவருடையதாக்கிவிட்டது என்று வெளிப்படையாக மறுத்ததையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. மகேந்திரகிரியின் சோதனைத் தளங்களில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்கள் ஒருவர் இருவரல்லர்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. மரியம் ரஷீதா விசாக் காலம் கடந்து தங்கினார் என்று 1994 அக்டோபரில் பிடிக்கப்பட்டவர். ஃபௌசியா ஹசன் மகளின் படிப்புக்காக இந்தியாவில் இருந்தவர். இருவரும் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். நாயகர் சிறையிலிருந்தது ஐம்பது நாள். ஆயினும் படத்தில் இப்பெண்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. 2018 தீர்ப்பு நம்பியின் வழக்கில் வந்தது. அதில் இவர்களுக்கு இழப்பீடு ஏதுமில்லை. படம் வெளியான இரண்டாம் மாதத்தில், 2022 ஆகஸ்டு இறுதியில், ஃபௌசியா ஹசன் இறந்தார். கிளாவ்காஸ்மாஸின் இந்தியப் பிரதிநிதியாயிருந்த சந்திரசேகரும் இவ்வழக்கில் கைதானவரே. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் நினைவிழந்து கிடந்தார். அதை அறியாமலே சில நாள்களில் மறைந்தார். இவர்கள் கையில் நாட்டுக்கு ஆற்றிய சாதனை என்று காட்ட ஒன்றுமில்லை. மாசற்றவர் என்பதே அவர்களுடைய ஒரே தகுதி. சாதனையாளர்க்கு இழைத்த அநீதி மட்டுமே அநீதியாகத் தோன்றுமாயின், நாம் இன்னும் நீதியைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை. நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவரின் ஊரும் பெயரும் தொழிலும் சொல்லப்படவில்லை என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

இறுதிக் காட்சியில், நேர்காணும் நடிகராக வரும் சூர்யா நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறார். மாதவன் இருந்த இருக்கையில் உண்மையான நம்பி நாராயணனே அமர்ந்திருக்கிறார். அவர் எளிதில் மன்னிப்பு வழங்கிவிடவில்லை. படத்தின் உச்சம் இதுவே. கண் கலங்காமல் பார்க்க இயலாது. ஆனால் பாண்டியன் அவையில் குற்றத்தை ஏற்றவன் தீர்ப்பளித்தவனே. இங்கோ குற்றத்தில் பங்கில்லாத ஒரு கலைஞர் மன்னிப்புக் கேட்கிறார். பார்ப்பவர் நெஞ்சு இலேசாகிறது. பொறுப்பு எவர்மேலும் இறங்கவில்லை. அந்நிய உளவு நிறுவனத்தின் கை இதிலிருந்தது என்னும் ஐயம் பலருக்குண்டு; அது இன்னும் நிறுவப்படவில்லை. 2024இல் முன்னாள் அதிகாரிகள் ஐவர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களுக்கும் ஆராய்ந்து அளிக்கும் தீர்ப்பே உரியது.

அந்நியக் கை இருந்ததாகவே கொள்வோம். மீனா ஏறிய ஆட்டோவிலிருந்து அவரை நடுவழியில் இறக்கிவிடும்படி எந்த வல்லரசும் ஆணையிடவில்லை. செவிவழிச் செய்திகளை நாள்தோறும் நாளிதழ்களில் தொடர்கதையாக எழுதும்படி எந்தத் தலைநகரமும் கட்டளை அனுப்பவில்லை. வல்லரசுகளின் போட்டி ஐயத்தை விதைக்கலாம். அதை வளர்ப்பது எட்டாம் கட்டளையை மறந்த சமுதாயமே. பொய்ச்சான்று நீதிமன்றக் கூண்டில் மட்டும் சொல்லப்படுவதன்று. தேநீர்க் கடையிலும், ஆலய முற்றத்திலும், இன்று கைப்பேசியிலும் சொல்லப்படுகிறது. இவ்வழக்கில் உடைத்துப் பார்க்கப்படாத சிலம்பு இதுவே. படம் அதைக் கையில் எடுத்து, உடைக்காமல் கீழே வைத்துவிடுகிறது.

மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பொறியியல் கற்கச் செல்லும் நம் பிள்ளைகள் நாளை செயற்கைக்கோளிலும் மின்னணுச் சில்லிலும் ஆளில்லா வானூர்தியிலும் பணிபுரிவார்கள். வல்லரசுகளின் போட்டி இன்று அத்துறைகளிலேயே கூர்மையாயிருக்கிறது. அவர்களுள் ஒருவர்மீது என்றேனும் பழி விழக்கூடும். அன்று அவர் சாதனையாளரா என்று கேளாமல், சான்று என்ன என்று கேட்கும் ஊராக மதுரை இருக்க வேண்டும். குறைகள் இருப்பினும் ‘ராக்கெட்ரி’ குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம். பார்த்து முடித்தபின், அதில் ஓரிரு கணமே தோன்றி மறையும் அந்த அயல்நாட்டுப் பெண்களைப் பற்றி வீட்டில் சிறிது நேரம் பேசுங்கள். படம் சொல்லாமல் விட்ட பாதி அங்கே நிறைவுறும்.