மாதரசன் பட்டணமும் மடத்துக் கல்லும்

சென்னை நகரின் தோற்றத்தைக் கூறும் நூல்கள் சிலவற்றை அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்தோம். மாந்தோப்புகளும் கரட்டுக் குன்றுகளும் சூழ்ந்த நாகரசம்பட்டியில் இருந்துகொண்டு கடற்கரை நகரொன்றின் வரலாற்றில் நாம் ஏன் மூழ்க வேண்டும் என்று வாசகர் வினவலாம். நம் ஊருக்கு அண்மையில், காவேரிப்பட்டணத்தை அடுத்துத் தென்பெண்ணைக் கரையில், பென்னேஸ்வர மடம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பழைய சிவன் கோயிலில் விசயநகர ஆட்சிக் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் ஆண்டு 1367. கிழக்குக் கரையின் சிறு துறைமுகங்கள் சிலவற்றை அது குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்று 'மாதரசன் பட்டணம்'.

கடல் அலையைக் கண்டிராத நம் மண்ணின் கல்லொன்று, சென்னைக்கு அதன் பழைய பெயரை நினைவூட்டிக்கொண்டு ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகளாக நின்றிருக்கிறது. இக்கல்லைத் துணையாகக் கொண்டு அந்நூல்களைப் படித்தபோது அவற்றின் பெருமையும் குறையும் ஒருசேர விளங்கின. நம் கத்தோலிக்க எழுத்தாளர் பலர் விரும்பிச் சொல்லிவரும் செய்தி ஒன்றும் ஆட்டம் கண்டது. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையைப் பற்றி எழுத முனைவோர் எவரும் கர்னல் எச். டி. லவ் அவர்களைத் தவிர்க்க இயலாது. 1913-இல் வெளிவந்த அவரது 'பழைய மதராசின் எச்சங்கள்' என்னும் ஆங்கிலப் பெருநூல், கோட்டையின் ஆவணங்களைத் தேடித் தொகுத்த அரிய உழைப்பின் பயன். நகரின் முந்நூறாம் ஆண்டாகிய 1939-இல் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் தம் வரலாற்று நூலை வெளியிட்டார். 1981-இல் எஸ். முத்தையா அவர்களின் நூல் வந்தது. பின்னர்ப் பல முறை விரிந்து, பொது வாசகரையும் இவ்வரலாற்றின்பால் ஈர்த்தது. இம்மூவருக்கும் தமிழுலகம் கடன்பட்டுள்ளது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. லவ் அவர்கள் தம் நூலின் தலைப்பிலேயே 1640 முதல் 1800 வரை என்று எல்லை கட்டிவிட்டார். ஆவணங்களைத் தொகுப்பவருக்கு அவ்வெல்லை பொருந்தும். ஆயின் அவருக்குப் பின் எழுதிய பலரும் ஆவணத்தின் எல்லையையே ஊரின் எல்லையாகக் கொண்டனர். 1639-ஆம் ஆண்டு ஆகத்து 22-ஆம் நாள் தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயருக்கு அளித்த உரிமைச் சாசனமே தொடக்கம். பிரான்சிசு டே என்னும் வணிகரே நிறுவுநர். அதற்கு முன் அங்கிருந்தது வெறும் மணல். பள்ளி மாணவர் மனத்திலும் இச்சித்திரமே பதிந்துள்ளது. 2004 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் நகரின் பிறந்தநாளும் கொண்டாடப்படுகிறது. மயிலாப்பூரின் தொன்மையை இந்நூலாசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர். அதனை எழுதியும் உள்ளனர். ஆயின் அது முன்னுரையாக நிற்க, கதை கோட்டையிலிருந்தே தொடங்குகிறது.

அந்த 'வெறும் மணல்' எவ்வாறு வந்தது என்று கேட்போமானால் கதை வேறாகிறது. சென்னையின் அடித்தளமாக உள்ளது, பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைகாட்டும் கரும்பாறை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஆலந்து என்பவர் 1893-இல் அதற்குச் 'சார்னோக்கைட்டு' என்று பெயரிட்டார். கல்கத்தாவின் நிறுவுநர் எனப் புகழப்பட்ட சாப் சார்னாக் என்பவரின் கல்லறையை மூடியுள்ள கல் அதே பாறையால் ஆனது என்பதே அப்பெயரின் காரணம். நகரை நிறுவியவர் என்று சொல்லப்பட்டவர் உறங்குவது, சுமார் 250 கோடி ஆண்டு முதிர்ந்த தமிழகக் கல்லின் கீழ். கல்கத்தாவின் நிறுவுநராக அவரைக் கொள்ளலாகாது என்று அந்நகரின் உயர் நீதிமன்றமே 2003-இல் தீர்ப்பளித்தது. அங்கே ஒரு நிறுவுநரும் ஒரு பிறந்தநாளும் நீங்கிய மறு ஆண்டே இங்கே பிறந்தநாள் விழா தொடங்கியது வியப்புக்குரியது!

அப்பாறை நமக்கு அயலானது அன்று. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி நோக்கித் தெற்கே செல்லச் செல்ல, வரி வரியான பழம்பாறை சிறிது சிறிதாகச் சார்னோக்கைட்டாக மாறுவதைக் காணப் பல நாட்டு நிலவியல் அறிஞரும் இங்கு வந்து சென்றுள்ளனர். நம் மாவட்டத்துக் கற்பாளங்கள் லாரிகளில் ஏறிச் சென்னைத் துறைமுகம் சேர்வதை நெடுஞ்சாலையில் காண்கிறோம். இந்த மலைக்கும் அந்தக் கடற்கரைக்கும் உறவு, லாரி வருவதற்கு முன்பே நிலத்தின் அடியில் தொடங்கியது.

அப்பாறையின்மேல் களிமண்ணும் மணற்கல்லும் ஆற்று வண்டலும் படிந்தன. சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிலத்தின் உள்ளே ஏறியிருந்தது. அது பின்வாங்கியபோது கரைக்கு இணையாக மணல் மேடுகளை வரிசையாக விட்டுச் சென்றது. மேடுகளுக்கு இடையே சதுப்பும் கழியும் தங்கின. மேட்டில் மனிதர் குடியேறினர். பள்ளத்தில் நீர் குடியிருந்தது. கொசத்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் இம்மேடுகளை ஊடறுத்துக் கடலை அடைந்தன. கரையோரமாக நகரும் மணலோ கோடைதோறும் அவற்றின் வாயை அடைத்தது. இவ்வாறு, மதிலுக்கும் கோட்டைக்கும் முன்னரே மனிதர் எங்கே வாழலாம், எங்கே வாழலாகாது என்பதை நிலம் வகுத்துவிட்டது.

மனிதர் வந்த காலமோ நம் எண்ணத்துக்கு எட்டாதது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியலார் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று சாந்தி பப்பு அவர்களின் குழு 2011-இல் வெளியிட்டது. 1639-ஐத் தொடக்கம் என்போர் எதனை விட்டுவிட்டனர் என்பதற்கு இவ்விரண்டு சான்றுகளே போதும்.

இனி, நம் வீட்டுக் குறைக்கு வருவோம். 'மதராசு' என்னும் பெயர் 'மாத்ரே தெ தேவுசு', அதாவது இறைவனின் தாய் என்னும் போர்த்துக்கீசியத் தொடரிலிருந்து வந்தது என்று நம்மவர் பலர் எழுதியுள்ளனர், மறையுரைகளிலும் கேட்டிருக்கிறோம். சாந்தோமில் வாழ்ந்த மாத்ரா என்னும் போர்த்துக்கீசியக் குடும்பத்தின் பெயரே நகருக்கு ஆயிற்று என்போரும் உண்டு. 1927-இல் அக்குடும்பத்தவரின் கல்லறைக் கல் கிடைத்த பின்னர் அக்கருத்து வலுப்பெற்றது. அன்னை மரியாவின் பெயரால் ஒரு மாநகர் அழைக்கப்படுவது எந்தக் கத்தோலிக்க உள்ளத்துக்கும் இனிக்கும். நாமும் இளமையில் இதனை மகிழ்ந்து சொல்லியதுண்டு.

ஆயின் மடத்துக் கல் என்ன சொல்கிறது? அதன் ஆண்டு 1367. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கியதோ 1498-இல். போர்த்துக்கீசியர் மயிலாப்பூரில் காலூன்றியது 1520-களில். அவர்கள் இந்தியாவுக்கு வருவதற்கு 131 ஆண்டுகள் முன்னரே பொறிக்கப்பட்ட பெயர், அவர்கள் மொழியிலிருந்து பிறந்திருக்க முடியாது. கல்வெட்டு கூறும் துறை இன்றைய இராயபுரப் பகுதியாகலாம் என்று கருதுவோர் உண்டு. இடத்தைப் பற்றி அறிஞர் மேலும் ஆராயட்டும். 1639-ஆம் ஆண்டுச் சாசனமே இப்பெயரை ஏற்கெனவே வழங்கும் ஊர்ப்பெயராகக் குறிப்பதையும் சேர்த்து நோக்கினால், இப்பெயரை இட்டவர் ஆங்கிலேயரும் அல்லர், போர்த்துக்கீசியரும் அல்லர் என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது.

இதனால் நாம் இழப்பது என்ன? ஒரு சொல்லின்மீது கொண்டிருந்த பெருமிதம்; அவ்வளவே. இக்கடற்கரையில் கிறிஸ்தவத்தின் தொன்மைக்குப் போர்த்துக்கீசியச் சொல் துணை நிற்க வேண்டியதில்லை. தூய தோமையாரின் கல்லறையைக் காணக் கிறிஸ்தவரும் இசுலாமியரும் வந்ததை மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே குறித்துள்ளார். 1547-இல் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த சிலுவையில் இருந்தது போர்த்துக்கீச எழுத்தன்று, பாரசீகத்தின் பகலவி எழுத்து. நம் வரலாற்று நூல்களும் 1522, 1523 என்று தொடங்குவதில் மகிழ்ந்தால், லவ் அவர்களைப் பின்பற்றியோரிடம் கண்ட அதே குறை நம்மிடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வந்தவர் கால் பதித்த நாளையே தொடக்கமாகக் கொள்வது அக்குறை.

அக்குறையால் மறைக்கப்படுபவர் யார்? அக்கரையின் மீனவர். கோட்டை எழுந்த இடத்தருகே இருந்த குப்பத்தின் தலைவன் மாதரேசன் என்றும், அவன் கிறிஸ்தவன் என்றும், தன் வாழைத் தோட்டத்தை விட்டுத்தர அவன் தயங்கியபோது ஊருக்கு அவன் பெயரையே இடுவதாக வாக்களித்து இசைவித்தனர் என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. 1367-ஆம் ஆண்டுக் கல்லின் முன் இக்கதையும் நிற்காது. ஆயின் கதையின் உட்கிடை கருதத்தக்கது: அம்மணல் ஒருவருக்கு உரியதாய் இருந்தது, கேட்டுத்தான் பெறவேண்டியிருந்தது. துறைமுகமே இல்லாத அக்கரையில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கையும் மனிதரையும் அலை கடத்தி ஏற்றி இறக்கியவர் இம்மக்களே. படகோட்டிகள் கட்டியெழுப்பிய தூய இராயப்பர் ஆலயம் 1829 முதல் அங்கு நிற்கிறது. இராயப்பர் பெயரே இராயபுரத்துக்கு ஆயிற்று. கலிலேயக் கடலின் மீனவர் ஒருவரின் பெயரை வங்கக் கடலின் மீனவர் தம் ஊருக்கு வைத்துக்கொண்டனர். நாம் பெருமைப்பட வேண்டுமானால் இதிலன்றோ பெருமைப்பட வேண்டும்?

இம்மக்களை மறந்த வரலாறு ஏட்டோடு நிற்பதில்லை. 1875-இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. தெற்கே உலாவ வந்தோர் கடற்காற்று வாங்கினர். வடக்கே மீனவர் வீடுகளை இழந்தனர். சதுப்பு நிலங்கள் பயனற்றவை எனத் தூர்க்கப்பட்டன. 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் பெருமழை நீர் தன் பழைய இருப்பிடங்களைத் தேடி வந்து வீடுகளுக்குள் புகுந்தது. மணலின்மேல் வீடு கட்டியவனைப் பற்றிய ஆண்டவரின் உவமையை நாம் பிறர்மீது பழி சொல்லப் பயன்படுத்தலாகாது. மணல் மேட்டில் வாழ்ந்த மீனவர் அறிவற்றவர் அல்லர். அவர்கள் மேட்டையும் பள்ளத்தையும் அறிந்திருந்தனர். அறிய மறுத்தவர்கள் பின்னர் வந்தவர்கள்.

இது சென்னைக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. நம் எல்லையிலுள்ள ஓசூரைப் பற்றி இன்று எழுதுவோர், 1970-களில் தொழிற்பேட்டை வருமுன் அங்கே ஒன்றுமில்லை என்பதுபோல் எழுதுகின்றனர். ஓசூரை அடுத்த மல்லசந்திரத்தின் கல்திட்டைகள் அதனை மறுக்கின்றன. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. 'வெறும் மணல்', 'வெறும் கரடு' என்ற சொற்களை எங்கே கண்டாலும், அங்கிருந்து யாரோ அகற்றப்படுகிறார்கள் என்று ஐயுறுவது நலம்.

2000-ஆம் யூபிலி ஆண்டின் மார்ச்சு 12-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பிழைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நினைவைத் தூய்மையாக்குதல் என்று அதனை அழைத்தனர். அது பெரிய குற்றங்களுக்கு மட்டும் உரியதன்று. சிறிய பொய்ப் பெருமைகளுக்கும் உரியது. அன்னை மரியாவுக்கு உண்மையல்லாத மாலை வேண்டியதில்லை. அவள் வலியோரை இறக்கித் தாழ்ந்தோரை உயர்த்திய இறைவனைப் பாடியவள். தன் பெயருக்காக ஒரு குப்பத்தின் பெயர் மறைக்கப்படுவதை விரும்பமாட்டாள்.

நம் பங்குகளில் விழா மலர் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். முதற்பக்கத்தில் அடிக்கல் நாட்டிய ஆயரின் படத்தை இடுங்கள், தவறில்லை. அதற்கும் முன்னே ஒரு பக்கம் ஒதுக்கி, அந்நிலம் எத்தகையது, யார் அங்கு உழுதனர், யார் கல் உடைத்தனர், யார் இடம் கொடுத்தனர் என்று கேட்டு எழுதுங்கள். மூத்தோர் இருக்கும்போதே கேளுங்கள். காவேரிப்பட்டணம் வழியே செல்ல நேர்ந்தால் பென்னேஸ்வர மடத்தில் சற்று இறங்கி அக்கல்லைப் பார்த்து வாருங்கள். அது பிற சமயத்தார் கோயிலில் உள்ளதே என்று தயங்க வேண்டா. உண்மையைக் காத்துத் தந்த இடத்துக்கு நாம் நன்றி சொல்லக் கடன்பட்டவர்கள்.