கைதியும் கல்லூரி மாணவனும்: எதை அளக்கிறோம்?

குற்றவாளிகளையும் மாணவர்களையும் ஆளுமைச் சோதனை வைத்து ஒப்பிடும் ஆய்வுகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான். இதுல அளக்கப்படுவது குற்றமா, சிறையா?

இந்த வகை ஆய்வுகளுக்கு வழி போட்டவர் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். கலகலப்பும் பதற்றமும் கூடுதலாக உள்ளவர்களிடம் மனசாட்சி சரியாக வேர் பிடிக்காது என்று 1964-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1975-ல் வந்த அவரது வினாத்தாளில் 90 கேள்விகள். ஆம், இல்லை என்று டிக் அடித்தால் போதும். செலவும் இல்லை, சிரமமும் இல்லை.

நம்ம பக்கம் இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ராஜபாளையத்துக் கல்லூரி மாணவர்கள் 100 பேர். விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே வழக்குக்காக அழைத்து வரப்படும் கைதிகள் 100 பேர். கைதிகளுக்குப் பதற்ற மதிப்பெண் கூடத்தான் வரும். ஜாமீன் கிடைக்குமா என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவனிடம் கவலையைப் பற்றிக் கேட்டால் வேறென்ன சொல்வான்? அதை அவன் பிறவிக் குணம் என்று எழுதிவிடலாமா?

அவர்கள் எல்லாரும் குற்றவாளிகளும் இல்லை. 2022-ம் ஆண்டு கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் 75 சதவீதத்துக்கு மேல் விசாரணைக் கைதிகள். மாணவர்கள் பக்கம் மட்டும் எல்லாரும் உத்தமர்களா? மாட்டாதவர்களும் இருப்பாங்க.

இன்னொரு ஓட்டை. புகழ்பெற்ற மின்னசோட்டா வினாத்தாளில், சமூக விதிகளை மீறும் போக்கை அளக்கும் பகுதியிலேயே சட்டத்தோடு சிக்கல் வந்ததுண்டா என்ற பொருளில் ஒரு வரி உண்டு. கைதி உண்மையைச் சொன்னாலே மதிப்பெண் ஏறும். கேட்டதையே கண்டுபிடித்ததாகச் சொல்வது ஆய்வா?

ஒப்பிட்டே ஆகணும்னா, மாணவனை விட்டுவிட்டு ராஜபாளையம் நூற்பாலையில் ஷிப்டு பார்க்கும் அதே வயது, அதே படிப்புள்ள பையனோடு ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது முன்கூட்டியே அளப்பது. 1961-ல் லண்டனில் 411 சிறுவர்களை எட்டு, ஒன்பது வயதிலிருந்தே தொடரத் தொடங்கினார்கள். அங்கே துடுக்குத்தனம் மட்டுமில்லை. வறுமை, குடும்பச் சூழல், படிப்பில் பின்தங்குவது எல்லாம் சேர்ந்தே கணக்கில் வந்தன. குணத்துக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்லவில்லை. தனியாகப் பிரித்து நிறுத்தாதீங்க என்கிறேன்.

பிறவியிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்துவதன் விலை நம்ம வட்டாரத்துக்குத் தெரியும். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. அன்று கைரேகை, இன்று டிக். அதனாலதான் இந்த அட்டவணைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு.