இல்லிக்குடமும் ஆறு ஆசிரியரும்: நன்னூலின் மாணாக்கர் உவமைகள் பற்றிய ஓர் ஆய்வு

நன்னூலின் பொதுப்பாயிரம் இலக்கணம் பயில்வார்க்கு மட்டும் உரியதாய் நின்றுவிடவில்லை. கற்பிக்கும் தொழிலினர் பலர் நாவில் அஃது இன்றும் வழங்குகின்றது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலில், எழுத்தும் சொல்லும் பற்றிய நூற்பாக்களை மறந்தாரும் மாணாக்கர்க்குக் கூறிய எட்டு உவமைகளை மறப்பதில்லை. வகுப்பில் ஒருவர் விடை கூற இயலாது நிற்கும்பொழுது, 'இல்லிக்குடம்' என்னும் சொல் ஆசிரியர் வாயில் எளிதாக வந்துவிடுகின்றது. அச்சொல்லை யானும் ஒரு மாணவர்மேல் ஏற்றியதுண்டு. அது பொருந்துமா எனப் பின்னர் எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நன்னூலார் மக்கள் அறிவை எட்டாக வகுத்தாரா? அன்றி, அறிவின் தொழில்களுள் ஒன்றனை மட்டும் அளந்தாரா? இவ்வினாவிற்கு நன்னூலிலிருந்தே விடை காண இயலும்.

எட்டு உவமைகளும் ஒரு வினாவும்

அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடைமாணாக்கர்க்கு உவமை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போலக் குணமும் குற்றமும் பிரித்தறிபவர் ஒருவர். புல் மிக்க இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவைப் போலக் கேட்டதனைச் சிந்திப்பவர் ஒருவர். உழவன் முயற்சி எவ்வளவோ அவ்வளவே விளைவு தரும் மண் போல்வார் ஒருவர். கற்பித்த சொல்லன்றிப் பிறிது கூறாத கிளி போல்வார் மற்றொருவர். வார்த்த நீரையெல்லாம் ஒழுகவிடுவது ஓட்டைக் குடம். செடிதோறும் சென்று ஒவ்வொன்றிலும் சிறிதே கடிப்பது ஆடு. குளத்தைக் கலக்கிப் பின் குடிப்பது எருமை. நெய்யைப் போகவிட்டுக் கசடைத் தன்னிடத்தே வைத்துக்கொள்வது நெய்யரி.

இவ்வுவமைகள் எட்டும் அழகியன. வாழ்வில் கண்டு தெளிந்தன. ஆயினும், இவையனைத்தும் ஒரே வினாவிற்கு விடையாக வருதல் நோக்கத்தக்கது. ஆசிரியர் கொடுத்த பொருள் கேட்டவரிடத்து என்னாயிற்று என்பதே அவ்வினா. பிரித்துக்கொள்ளப்பட்டதா, அசைபோடப்பட்டதா, ஒழுகிப்போயிற்றா, கலங்கிற்றா என்று விடைகள் வேறுபடுகின்றன, வினா வேறுபடவில்லை. ஆகவே, நன்னூலார் அறிவின் வகைகளை எண்ணினார் என்று கொள்ளுதல் பொருந்தாது. பாடங்கேட்டல் என்னும் ஒரு தொழிலின் தரங்களையே அவர் எண்ணினார்.

உவமையின் எல்லை

தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்கு நிலைக்களத்தில் வைத்தார். உவமை ஒன்று வரின் அஃது எதுபற்றி வந்தது என வரையறுத்த பின்னரே பொருள் கொள்ளல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும். புலி போலப் பாய்ந்தான் என்ற அளவில் அவனுக்கு வரியும் வாலும் கற்பிப்பார் இலர்.

நன்னூலார் கூறிய எட்டனுள், மண் வினையொடு பயனும் பற்றி வந்தது. ஏனைய ஏழும் வினை பற்றியே வந்தன. பிரித்தல், அசைபோடுதல், ஒப்பித்தல், ஒழுகவிடுதல், சிறிது கடித்தல், கலக்குதல், கசடு பற்றுதல் ஆகிய தொழில்களே ஈண்டு ஒப்புமை. மெய் பற்றி வந்தது ஒன்றேனும் இல்லை. ஒருவர் இன்று இப்பாடத்தில் ஒழுகவிடுகின்றார் எனின், அதனால் அவரே ஓட்டைக் குடம் ஆகிவிடார். யாப்பிலக்கணத்தில் ஆடாக இருப்பவர் புறநானூற்றில் பசுவாக இருத்தல் கூடும். தொழில் மாறும் இயல்பினது. நாம் இடும் பெயரோ நின்றுவிடுகின்றது. வினையுவமத்தை மெய்யுவமமாகப் படித்ததே நம் பிழை.

அற்றன்று, தலை, இடை, கடை என நன்னூலாரே ஆளைத் தரப்படுத்தினாரன்றோ எனின், அவர் தரப்படுத்தியது மாணாக்கரை. ஒருவர் மாணாக்கர் எனப்படுவது ஆசிரியர்முன் கேட்கும் நிலை பற்றி. அந்நிலை நீங்கியவிடத்து அத்தரமும் உடன் செல்லும் என்பதற்கு நூலில் இடமில்லை.

கால் பங்கின் அளவு

இக்கருத்திற்கு வலிமை தருவது பாடங்கேட்டலின் வரலாறு கூறும் பகுதி. ஆசிரியர் உரைத்ததனை நன்றாகக் கொண்டாலும் மாணாக்கர்க்கு வருவது புலமையின் கால் பங்கே என்பது பவணந்தியார் கொள்கை. உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு கால் வரும். தாம் பிறர்க்கு விரித்துரைக்கும்பொழுதே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். எட்டு உவமைகளும் இவற்றுள் எப்பங்கினை அளக்கின்றன? முதற் கால் பங்கினை மட்டுமே. பழகும் இடத்தில் ஒருவர் எத்தகையர், விரித்துரைக்கும் இடத்தில் எத்தகையர் என்பதற்கு அங்கு உவமையில்லை. முக்கால் பங்கு அளக்கப்படாதிருக்க, காலை அளந்த கோல்கொண்டு முழுமைக்கும் விலை கூறுதல் கணக்கறிந்தார் செயலன்று.

பிறிதொன்றும் உண்டு. மாணாக்கர்க்கு நான்கு இழிந்த உவமை கூறிய அதே பாயிரம், ஆசிரியராதற்குத் தகாதார்க்கும் நான்கு உவமை கூறுகின்றது. கழற்காய் பெய்த குடம் இட்ட முறையில் திருப்பித் தாராது. மடல் சூழ்ந்த பனை தன்னை அணுகவிடாது. தானே உதிர்த்தாலன்றிப் பயன் கொள்ள இயலாது. பஞ்சு அடைத்த குடுக்கை சிறிது சிறிதாகவே கொள்ளும், சிறிது சிறிதாகவே தரும். வளைந்த தென்னை நீர் வார்த்தவனை விட்டு அயலார் தோட்டத்தில் காயை உதிர்க்கும். இந்நான்கனையும் நாம் வகுப்பில் எடுத்துக்கூறுவது அரிது. விரையாமலும் சினவாமலும், கேட்பவர் கொள்ளும் திறத்தை அறிந்து கொடுத்தல் ஆசிரியர் கடமை என்றும் அப்பாயிரம் விதிக்கின்றது. கொள்ளும் திறம் ஆளுக்கு ஆள் வேறு என்னும் உண்மை அவ்விதியில் அடங்கியுள்ளது.

அரங்கேற்று காதை காட்டும் ஆறு புலமை

நன்னூல் சொல்லாது விட்டதனைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நிறைவு செய்கின்றது. மாதவி 5 வயதில் பயிற்சி தொடங்கி, 7 ஆண்டு பயின்று, 12 வயதில் சோழன்முன் அரங்கேறினாள். அவள் ஆடலுக்குத் துணையாய் நின்ற ஆறு ஆசிரியரின் அமைதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவி வல்ல புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என்பது அவர் கொண்ட முறை. எழுத்தறிவே தொழிலாகக் கொண்ட புலவன் அறுவருள் ஒருவன், முறையில் மூன்றாமவன்.

இவ்வறுவர்க்கும் அளவுகோல் ஒன்றாக இல்லை. கூத்தின் வகையறிந்து கைத்தொழில்கள் ஒன்றோடொன்று மயங்காமல் காத்தல் ஆடலாசிரியன் அறிவு. அவன் அறிவு உடலில் உள்ளது. தண்ணுமையோன் அறிவோ காலத்திலும் அளவிலும் உள்ளது. பிற கருவிகள் குறையுமிடத்து நிரப்பியும், தன் ஓசை மிகுமிடத்து அடக்கியும் செல்பவன் அவன். எங்குத் தான் அடங்க வேண்டும் என்பதை அறிதலும் ஓர் அறிவாக இங்குப் போற்றப்படுகின்றது. பாடலின் எழுத்துகள் சிதையாமல் தெளிவாக இசைத்தல் குழலோன் திறம். பதினான்கு நரம்பு தொடுத்து, அவற்றிலிருந்து பாலைகளைப் பிறப்பித்தல் யாழோன் திறம்.

இவ்வறுவருள் தன் கலை மட்டும் அறிந்தவன் எனக் கூறப்பட்டான் ஒருவனும் இலன். இசையாசிரியன் கூத்தையும் கவியின் குறிப்பையும் உணர்ந்தவன்; புலவன் நாட்டிய நூலும் கற்றவன்; தண்ணுமையோன் ஆடலும் பாடலும் அறிந்தவன். அறிவுகள் பல, ஆனால், அவை தனித்தனித் தீவுகள் அல்ல. அடியார்க்கு நல்லார் உரை இக்காதையில் பல கலை நூற்செய்திகளோடு விரிந்து செல்வதற்கும் இதுவே காரணம். சொல்லறிவு மட்டும் கொண்டு இப்பகுதிக்கு உரை காணுதல் இயலாது.

இக்கால உளநூலார் கருத்து

அமெரிக்க உளநூல் அறிஞர் ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் வெளியிட்ட நூலில், அறிவு ஒன்றன்று எனக் கூறி ஏழாக வகுத்தார். மொழி, கணக்கும் அளவையும், இசை, உடலியக்கம், இடவுணர்வு, பிறரை அறிதல், தன்னை அறிதல் என்பன அவை. இயற்கையை அறியும் திறத்தைப் பின்னர்ச் சேர்த்தார். இவ்வகுப்பினைக் கண்டவுடன், இதனை நம் முன்னோர் அன்றே கண்டனர் என மகிழ்ந்து கூறல் எளிது; ஆராய்ச்சிக்கு அது தகாது. இளங்கோவடிகள் உளநூல் எழுதவில்லை; ஓர் அரங்கிற்கு வேண்டிய கலைஞரையே வகுத்தார்.

கார்ட்னர் கொள்கைக்கு மறுப்பும் உண்டு. ஒரு திறத்தேர்வில் மேம்பட்டார் பிறவற்றிலும் ஓரளவு மேம்படுதலை ஸ்பியர்மன் 1904-இலேயே எடுத்துக்காட்டி, எல்லாவற்றிற்கும் பொதுவான ஓர் ஆற்றல் உண்டு என்றார். அவ்வழி நிற்போர், ஏழும் தனித்தனி அறிவுகள் என்பதற்குச் சோதனைச் சான்று போதாது என்பர். எனவே, மாணவரை ஏழு கூடைகளில் இட்டு, 'நீ இசையறிவினன், உனக்கு இலக்கணம் வேண்டா' எனக் கூறுதல் பழைய பிழையின் புதிய வடிவமே. எட்டு உவமைகளைப் பெயராக்கியது போல ஏழு அறிவுகளையும் பெயராக்குவோமாயின் நாம் கற்றது ஒன்றுமில்லை. பாரிசில் பினே என்பார் சைமனோடு சேர்ந்து 1905-இல் அறிவுத்தேர்வு அமைத்தது, தனி உதவி வேண்டும் சிறுவரைக் கண்டறிதற்கே. அத்தேர்வு பிற்காலத்தில் மக்களை மேல் கீழாக அடுக்கும் கருவியாயிற்று. அளவுகோல் அதனைச் செய்தவர் கருத்தினின்றும் விலகிச் செல்லுதல் நன்னூலுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

வகுப்பறையில் கண்டது

முன்னர்க் குறித்த மாணவரைப் பற்றி இனிக் கூறல் வேண்டும். முதுகலை வகுப்பில் உரைப்பகுதி எதனையும் மறுநாள் திருப்பிக் கூற அவரால் இயலாது. அரங்கேற்று காதையில் அரங்கின் அளவு கூறும் இடம் வந்தது. 24 விரல் கொண்டது ஒரு கோல், அக்கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1, மேலே இடும் உத்தரப் பலகைக்கும் அரங்கின் பலகைக்கும் இடைவெளி 4 கோல், வாயில் இரண்டு. யான் எண்களைக் கூறி மேற்சென்றேன். அவர் எழுந்து, தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்தார் என்கின்றாரே, விளக்கு எங்கு நின்றிருக்கும் என்று வினவினார். யான் விடையறியேன். அவர் சுண்ணக்கட்டி வாங்கித் தரையில் அரங்கை அளவிட்டு வரைந்தார், தூண்களை நிறுத்தினார், விளக்கினை இடம் மாற்றி மாற்றி வைத்து நிழல் செல்லும் திசையைக் கோடிட்டார். விடுமுறை நாள்களில் தந்தையாரோடு தச்சுவேலைக்குச் செல்பவர் அவர் என்பதனை அன்றுதான் அறிந்தேன்.

அன்று வகுப்பு முழுதும் அக்கோட்டைச் சுற்றி நின்று கற்றது. யான் பல ஆண்டு சொற்பொருள் மட்டும் கூறிவந்த ஓரடியை, அவர் கண்முன் நிறுத்தினார். நன்னூலார் கூறிய அரைப்பங்கு, அதாவது பிறர்க்கு விரித்துரைத்தலால் நிரம்பும் பங்கு, அவரிடத்து அன்று நிரம்பிற்று. எனினும், ஆண்டிறுதித் தேர்வில் அவர் எழுதிய விடை நடுத்தரமானதே. எழுதிக்காட்டும் திறத்தினை அவர் தனியே உழைத்துப் பெற வேண்டியிருந்தது. ஓர் அறிவு இருத்தல் மற்றொன்றிற்கு ஈடாகிவிடாது; மற்றொன்றினைக் கற்கும் துணிவை அது தருகின்றது.

அதன்பின் இக்காதையைப் பாடஞ் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டேன். ஆறு ஆசிரியரின் அமைதி கூறும் பகுதிகளையும் அரங்கின் அமைதியையும் மாணவர்களே தேர்ந்து, உடன் பயில்வாரோடு ஆராய்ந்து, வகுப்பில் விரித்துரைக்க வேண்டும். யார் எதனைத் தேர்வர் என்பதனை யான் முன்கூட்டிக் கூறுவதில்லை. கூறினால் அதுவும் ஒரு பெயரிடுதலே. தம் திறம் யாது என்பதனை அவர்களே காண்கின்றனர். பிறர் திறத்தையும் காண்கின்றனர். தாளமறிந்த மாணவி தண்ணுமைப் பகுதியை விரித்துரைக்கும்பொழுது, உரை முழுதும் மனனம் செய்த மாணவர் முதன்முறையாக வினவுபவராக ஆகின்றார். இரண்டாவதே இரண்டனுள் அரிய பயன் எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. நன்னூலின் எட்டு உவமைகள் பாடங்கேட்டல் என்னும் வினை பற்றியன. அறிவின் முழுமை பற்றியன அல்ல. புலமையின் கால் பங்கே அவற்றிற்கு எல்லை என்பது நன்னூலாலேயே அமையும். பல்வேறு அறிவுகளும் தமக்குரிய அளவினால் மதிக்கப்படுதலையும், ஒன்றனை ஒன்று அவாவி நிற்றலையும் அரங்கேற்று காதை காட்டுகின்றது. எனவே, அவ்விரு நூலையும் அருகருகே வைத்துக் கற்பித்தல் தகும்.

ஓட்டைக் குடத்தைப் பற்றி எண்ணும்தோறும் எனக்குப் பிறிதோர் எண்ணமும் உடன் வருகின்றது. அம்மாணவரிடத்து ஒழுகிப்போனது யான் வார்த்த நீர். அவர் கொண்டிருந்த நீரை யான் அதுவரை கேட்டதேயில்லை. அவ்வகுப்பில் பஞ்சடைத்த குடுக்கையாய் இருந்தவர் யார் என்பதனை நன்னூல் கற்றார் அறிவர்.