வெள்ளியின் நிழல், இரும்பின் நீலம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசைக் கையில் எடுத்துப் பார்த்தால் பளபளப்புதான் முதலில் கண்ணைப் பறிக்கும். கண்ணியோடு கண்ணி சேரும் இடம், சலங்கை மணியின் கழுத்து, கொக்கியின் வளைவு எல்லாம் அந்த மினுக்கத்தில் கரைந்துபோகும். அதே கொலுசைச் சேலம் வெண்பட்டின் மேல் வைத்து சயனோடைப் முறையில் அச்செடுத்தால் மினுக்கம் விலகிவிடுகிறது, வேலைப்பாடு மட்டும் நிற்கிறது. பட்டறைக்காரரின் கை எவ்வளவு நுட்பமானது என்பதை ஆழ்ந்த நீலத்தின் நடுவே கிடந்த அந்த வெள்ளைத் தடத்தில்தான் நான் முழுசாகக் கண்டேன்.

சயனோடைப் முறையை ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1842இல் கண்டுபிடித்தார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு இரும்பு உப்புகளைத் தனித்தனியே கரைத்து, மங்கிய விளக்கில் சம அளவு கலந்து, துணியில் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். பொருளை மேலே வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடத்தில் பிரஷ்யன் நீலம் உருவாகும். நிழல் காத்த இடத்து மருந்து தண்ணீரில் அலசும்போது போய்விடும். கேமராவோ லென்ஸோ தேவையில்லை.

படச்சுருள் காலத்துப் புகைப்படம் முழுக்க வெள்ளி உப்பை நம்பி இருந்தது. சயனோடைப்பில் வெள்ளிக்கு வேலையே இல்லை, எல்லாம் இரும்பு. ஆனால் நம் துணியில் வெள்ளி நிழல் கொடுக்கிறது, இரும்பு நிறம் கொடுக்கிறது. வெள்ளிப் பட்டறைகளின் பேட்டைக்கும், இரும்புக்கல் நிறைந்த கஞ்சமலைக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு கிடைக்குமா? துணிக்கும் இரும்பு புதிதல்ல. கலம்காரியின் கறுப்பே துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசல், கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் பிறப்பதுதான்.

இந்த அச்சில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது ஓரங்களைத்தான். கொலுசுச் சங்கிலி துணியோடு படிந்துகிடக்கும் இடத்தில் கோடு ஊசியால் கீறியதுபோல் கூர்மையாக விழுகிறது. மணி உருண்டையானது. அதன் அடிப்புள்ளி மட்டுமே துணிக்கு அருகில் இருக்கிறது, மற்றப் பகுதி மேலே தூக்கி நிற்கிறது. வெயில் நேரே வந்தாலும், நீல வானமும் நாலாபுறமிருந்து புற ஊதா ஒளியைப் பொழிவதால், அது மணியின் வயிற்றுக்குக் கீழே நுழைந்துவிடுகிறது. அங்கே வெள்ளை மெல்ல மெல்ல வெளிர்நீலமாகி, பிறகு சுற்றியுள்ள நீலத்தில் கலக்கிறது. தட்டையான துணியில் மணி உருண்டு தெரிவதற்கு இதுதான் காரணம். ஓவியர் சிரமப்பட்டுத் தீட்டும் சாயலை வானம் தானாகவே போட்டுத் தருகிறது.

சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. எனவே உயரமான கொக்கியின் ஒரு பக்க ஓரம் மட்டும் சற்றே இளகியிருக்கும். நன்றாக மெருகேற்றிய கண்ணியின் பக்கவாட்டிலிருந்து ஒளி தெறித்து விழுந்த இடத்தில் நீலம் ஒரு இழை கூடுதலாகக் கறுத்திருக்கும். வெள்ளி எவ்வளவு பளபளத்தது என்பதற்கு அந்த ஒரு இழைதான் சாட்சி. ஃபெரிசயனைடு வெள்ளியை அரிக்கக்கூடியது. அதனால் கொலுசுக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றை விரித்துவிட வேண்டும்.

எந்தத் துணி என்பது அடுத்த ருசி. கதரில் அச்செடுத்தால் நீலம் நூலுக்குள் இறங்கி, பாவும் ஊடையும் படத்துக்குள் புகுந்து பேசும். இலை, தழைக்கு அது அழகு. முருங்கைக் கொத்தைக் கதரில் பார்க்க வேண்டும். ஆனால் கொலுசின் நுண்மைக்கு நெருக்கமாக நெய்த வழவழப்பான வெண்பட்டுதான் ஈடுகொடுக்கிறது. பருத்தியானால் கஞ்சி முழுவதும் போகத் துவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

அலசும் நேரம் எனக்கு மிகவும் பிடித்தது. வெயிலிலிருந்து எடுத்த துணி வெண்கலம் கலந்த சாம்பல் நிறத்தில், பார்ப்பதற்குக் கெட்டுப்போனது மாதிரிதான் இருக்கும். தண்ணீரில் விட்டதும் மஞ்சள் ஒழுகி ஓடுகிறது, நீலம் எழுகிறது, கொலுசு வெளுத்து வருகிறது. உப்புச் சேர்ந்த போர் தண்ணீர் காரத்தன்மையால் நீலத்தைத் தின்றுவிடும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் காப்பாற்றலாம். சோப்பும் சலவை சோடாவும் இந்தத் துணிக்கு ஆகவே ஆகாது. வெளிச்சத்தில் தொங்கி நீலம் வெளிறினால், கொஞ்ச காலம் இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பிவிடும். கடுக்காய்ச் சாற்றில் நனைத்து நீலத்தைக் கறுப்பாக்குவதும் உண்டு. கொலுசுக்கு அதை நான் செய்யமாட்டேன். வெள்ளிக்கு நீலம்தான் துணை.

1843இல் அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இம்முறையில் அச்செடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூலாக அதைச் சொல்வார்கள். அத்தனை நுண்ணிய பாசிகளைக் கையால் சரியாக வரைவது கடினம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். கொலுசுக்கும் அதே காரணம் பொருந்தும். பழைய கொலுசைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, பழையதன் வேலைப்பாடு உருக்குக் குகையோடு முடிந்துவிடுகிறது. எடை மட்டும் ரசீதில் மிஞ்சும்.

பாட்டியின் கொலுசைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள், அதற்கு முன் ஒருமுறை அதை மருந்து பூசிய துணியின் மேல் கிடத்தி வெயிலில் வையுங்கள். அசல் அளவில், கண்ணி தவறாமல் அந்த வடிவம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.