அவதாரம் ஆடுகிறது, ஆட்டுவிப்போன் எங்கே?

அவதாரம் என்னும் சொல்லைப் புராணப் பிரசங்கிகளிடமிருந்து இப்போது கணினிக்காரர்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். திரைக்குள் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்திற்கு அதுவே இன்று பெயர். 1980களில் கணினி விளையாட்டுகளில் இடம்பெற்று, 1992இல் நீல் ஸ்டீவன்சனின் ‘ஸ்னோ கிராஷ்’ நாவலால் பரவலான இச்சொல்லை, ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்மைப் போன்றோர் ‘அவதார்’ என்று வால் நறுக்கியே கற்றுக்கொண்டோம். கீழ்நாட்டுச் சொல் ஒன்று சீமைக்குப் போய்த் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பிய கதைதான் இது. போகட்டும். சொல்லின் பிறப்பை ஆராய்வது நமது நோக்கமன்று. அந்த உருவத்தை ஆட்டுவிப்பவன் யார், அவனுக்குரிய பெயரும் கூலியும் அவனைச் சேருகின்றனவா என்பதே நமது கேள்வி.

தமிழர்களில் பெரும்பாலோர் இவ்வித்தையை முதலில் கண்டது ‘கோச்சடையான்’ படத்தில்தான். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி, கே. எஸ். ரவிகுமார் கதையெழுதி, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த இப்படம் 2014 மே 23ஆம் தேதி வெளிவந்தது. சிங்கப்பூருக்கும் இதற்கும் ஒரு தொடர்புண்டு. 2011 ஏப்ரலில் ‘ராணா’ என்னும் படத்தின் தொடக்க நாளன்றே ரஜினிகாந்த் நோய்வாய்ப்பட்டார். மே மாத இறுதியில் சிகிச்சைக்காக இந்நகருக்கு வந்து, ஜூலையில் நலம் பெற்றுச் சென்னை திரும்பினார். ‘ராணா’ நின்றுபோயிற்று, அதனிடத்தில் ‘கோச்சடையான்’ எழுந்தது. போரும் குதிரையேற்றமும் நிறைந்த வேடத்தை ஓய்வை நாடும் உடல் சுமப்பது அரிது, உருவம் சுமக்கும். எனவே இவ்வித்தை வெறும் ஆடம்பரமென்று தள்ளிவிடக் கூடியதன்று. தளர்ந்த உடலுக்கும் ஊனமுற்ற உடலுக்கும் அது ஒரு மேடையைத் தருகிறது. அந்த நன்மையை நாம் மனமார ஒப்புக்கொள்ளுகிறோம்.

வித்தையின் முறை இதுதான். நடிகர் உடலோடு ஒட்டிய உடையணிந்து, மூட்டுகள்தோறும் குறிகளைப் பதித்துக்கொண்டு, காட்சியமைப்பு ஏதுமில்லாத கூடத்தில் நடிப்பார். சுற்றிலுமுள்ள காமிராக்கள் அக்குறிகளின் அசைவை எண்களாக மாற்றும். அவ்வெண்கள் கணினியிலுள்ள எலும்புக்கூட்டை அசைக்கும். அதன்மேல் தோலும் கவசமும் நகையும் பிற்பாடு போர்த்தப்படும். இப்படத்திற்கான பதிவு 2012இல் லண்டனில் நடந்தது.

படம் வென்றதா எனில், பாதி வென்றது என்பது நமது அபிப்பிராயம். நடையில் ரஜினிகாந்த் இருந்தார். தோளின் திருப்பத்திலும் இருந்தார். கண்ணிலோ அவர் இல்லை. கண்கள் பார்த்தன, ஆனால் எதையும் கண்டதாகத் தெரியவில்லை. மனிதனைப் போலவே செய்யப்பட்ட உருவம், ஏறக்குறைய மனிதனாகிவிடும் இடத்தில்தான் நமக்கு அச்சமூட்டும் என்று ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். அப்படம் நின்றுவிட்ட இடமும் அதுவே.

நிற்க. அதே படத்தில் நாகேஷும் தோன்றினார். அவரோ 2009 ஜனவரியிலேயே மறைந்தவர். இறந்தவருடைய உடல் அசையாது. ஆகவே முகம் நாகேஷுடையதாயினும் அசைவு உயிரோடிருந்த வேறொருவருடையது என்பது சொல்லாமலே விளங்கும். கொட்டகையில் கைதட்டியவர்கள் யாருக்குக் கைதட்டினார்கள்? முகத்திற்கா, அம்முகத்தைச் சுமந்த உடலுக்கா? ரசிகர்களில் எத்தனை பேர் அந்த உடலின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இது புதுக் கேள்வியன்று. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் சில பொம்மைகள் நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உடையவை. ஆட்டுபவர் இரும்பு வளையமொன்றைக் கிரீடம்போல் தலையில் அணிந்திருப்பார். பொம்மையின் கயிறுகள் அவ்வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். கைகளைக் கம்பிகளால் இயக்குவார். இன்று மெய்ந்நிகர்க் கருவியைத் தலையில் மாட்டி, இரு கைகளிலும் இரு பிடிகளைப் பற்றி நிற்கும் இளைஞனைப் பாருங்கள்! தலையில் வளையம், கையில் கம்பி! கயிறு மட்டுமே கண்ணுக்குத் தெரியவில்லை. மரப்பொம்மையை ஆட்டியவர் கழுத்து நோவத் திரைக்குப் பின்னே நின்றார். ஊர் பொம்மையைப் புகழ்ந்துவிட்டு வீடு போயிற்று.

‘கோச்சடையான்’ காலத்தில் பெருங்கூடமும் பெரும்பணமும் வேண்டியிருந்த வேலையை இன்று ஒருவர் தம் அறையிலேயே செய்யலாம். 2017 முதல் ‘விஆர்சாட்’ போன்ற மென்பொருள்களில் பலர் தாமே செய்த உருவங்களுக்குள் புகுந்து பேசுகிறார்கள், ஆடுகிறார்கள். இது கலையைப் பொதுவுடைமையாக்கும் காரியமாதலின் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதன் குறையையும் சொல்லவேண்டும். சாதாரணக் கருவி அறிவது மூன்றே இடங்களை: ஒரு தலை, இரு கைகள். முழங்கையும் இடுப்பும் காலும் கணக்குப் போட்டு ஊகிக்கப்படுபவை. கூடுதல் உணரிகளை இடுப்பிலும் பாதங்களிலும் கட்டினாலன்றிக் கால் உண்மையாக அசையாது. எஸ்பிளனேடில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘கலா உற்சவம்’ கண்ட சிங்கப்பூர் வாசகர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அரைமண்டியும் தட்டடவும் இல்லாத பரதம் பரதமாகுமா? பறையடிப்பவனின் கால் பறையோடு சேர்ந்து பேசாவிட்டால் அது ஆட்டமாகுமா? மேல்நாட்டாரின் கைகுலுக்கலுக்கும் கையசைப்புக்கும் போதுமான கருவி, நமது ஆட்டத்திற்குப் போதாது. இக்குறையை அறியாமல் உருவங்களைப் புகழ்வது விமரிசனமாகாது, விளம்பரமாகும்.

தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு, பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிவது அன்றாடக் கடமை. பெயர் பதியப்படாதவனுக்கு அன்று கூலியில்லை; அவன் வெட்டிய குலை மட்டும் ஆலைக்குப் போய்விடும். உருவங்களின் உலகில் இன்று நடப்பது இதுவேயல்லவா? அசைவு ஆலைக்குப் போகிறது. அசைத்தவன் பெயர் ஏட்டில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜூலை முதல் நவம்பர் வரை திரை நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தம் உருவத்தின் நகலை எடுக்கத் தம் சம்மதமும் ஊதியமும் வேண்டுமென்பதை ஒரு முக்கியக் கோரிக்கையாக வைத்தனர். சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் ஒரு சட்டம் செய்து, தேர்தல் காலத்தில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் காட்டும் போலிப் படங்களைத் தடுத்தது. வேட்பாளனின் முகத்திற்குக் காவல் வேண்டுமென்றால், கலைஞனின் உடலசைவுக்கு வேண்டாமா?

கலையென்பதே போலச்செய்தல்தானே, இறந்தவரை மீண்டும் காண்பது உற்றாருக்கு ஆறுதலன்றோ என்று சிலர் கேட்கலாம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தம்பதியர் இருவர் தம் திருமண வரவேற்பை மெய்ந்நிகர் உலகில் நடத்தினர். காலஞ்சென்ற மணமகளின் தந்தை அங்கு உருவமாகத் தோன்றி வாழ்த்தினார். அந்த மகளின் மனத்தை நாம் குறைகூறமாட்டோம். வீட்டாரின் நினைவு வீட்டாருக்கு உரியது. கட்டணம் வாங்கிக் காட்டும் காட்சியோ வேறு. அங்கே இறந்தவர் ‘மாட்டேன்’ என்று சொல்ல இயலாதவர். மறுக்க இயலாதவனிடம் வாங்கும் வேலைக்கு உலகில் என்ன பெயர் என்பதைத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே, சிராங்கூன் சாலையில் நாளை ஓர் உருவம் ஆடுவதாகச் சுவரொட்டி கண்டால் மகிழ்ச்சியோடு சென்று பாருங்கள். பார்த்த பின் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதனை ஆடியவர் பெயர் என்ன? இந்த முகத்திற்கு உரியவர் சம்மதித்தாரா? விடை கிடைத்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். கிடைக்காவிட்டால் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவதாரத்திற்குள் தெய்வம் ஏதும் இறங்கிவரவில்லை. வியர்வை சிந்திய ஒரு மனிதன்தான் நிற்கிறான். அவன் பெயரைச் சொல்லத் தெரியாத சபை, எவ்வளவு பெரிய கண்ணாடியை அணிந்தாலும் கலையைக் கண்டதாகாது.