‘கைவினை’ என்று எதைச் சொல்கிறோம்? – ஜமுனாமரத்தூர் கோடை விழாவை முன்வைத்து

ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் கோடை விழாவில் மேடையைவிட முக்கியமானது, அரசுத் துறை அரங்குகளுக்கு இடையே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் போடும் மேசை. சாமை, தேன், புளி. பீமன் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் போகிற போக்கில் அதன் முன் நிற்கிறார்கள். அந்த மேசை மலையைப் பற்றி எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே கேள்வி.

கைவினை விற்பனை என்றால் நம் மனதில் ஒரு அச்சு இருக்கிறது. 1973இல் தொடங்கப்பட்ட கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் கடைகள், நவராத்திரி கொலு பொம்மைக் கண்காட்சி, முட்டுக்காடு தட்சிணசித்ரா. அங்கே பொருளுக்கு ஊர்ப்பெயர் உண்டு: தஞ்சாவூர்த் தட்டு, சுவாமிமலை வெண்கலம், பத்தமடைப் பாய். ஊர்ப்பெயர்தான் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஜவ்வாது மலை என்றதும் அப்படி ஒரு பொருள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. உடனே, “இங்க கைவினைன்னு பெரிசா ஒண்ணும் இல்லீங்க” என்று முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

சாமையையே எடுத்துக்கொள்வோம். நெல்லைவிடச் சிறிய மணி. உமி இறுகப் பிடித்திருக்கும். உரலில் ஓங்கிக் குத்தினால் குருணையாகிவிடும், தயங்கிக் குத்தினால் உமி போகாது. எவ்வளவு காய வேண்டும், முறத்தை எந்தக் கணத்தில் சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் கைக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. இதைப் புனிதப்படுத்தவும் கூடாது. அது தோளை ஒடிக்கும் வேலை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய அரவை இயந்திரங்களைக் கொண்டுபோனது அந்தப் பாட்டைக் குறைக்கத்தான். இயந்திரம் வரட்டும். ஆனால் இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் மிஞ்சுகிற விதைத் தேர்வு, புடைத்தல், கல் பொறுக்கல் எதற்கும் பாக்கெட் மீதுள்ள சீட்டில் இடமில்லை. ‘இயற்கை’, ‘ஆரோக்கியம்’, ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்றுதான் அது பேசுகிறது. வாங்குபவரின் உடம்பு இருக்கிறது, விளைவித்தவரின் உடம்பு இல்லை.

விளைவு பேரத்தில் தெரியும். “இன்னாம்மா, கீழ சூப்பர் மார்க்கெட்ல இதவிடக் கம்மியா குடுக்கறான்?” “கல்லு பொறுக்கி வச்சது சார்.” இந்தப் பதில் வாங்குபவர் காதில் விலைக்கான நியாயமாக விழுவதே இல்லை, கெஞ்சலாகத்தான் விழுகிறது. இதே ஆள் தஞ்சாவூர்த் தட்டுக்குப் பேரம் பேசினாலும், அதில் வேலைப்பாடு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டார்.

நீலகிரியில் தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இறுதிச் சடங்குவரை உடன்வரும் புத்துக்குளிப் போர்வையின் தையல் இன்று கைப்பையிலும் செல்போன் உறையிலும் விற்கிறது. அதில் இழப்பு உண்டு. ஆனாலும் தையல் கண்ணுக்குத் தெரிவதால், தைத்தவளும் கொஞ்சமாவது தெரிகிறாள். புடைத்த கைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

மேசை விட்டுவிடும் இன்னொன்று, பொருள் யாருடையது என்பது. தேன், மூங்கில் உள்ளிட்ட சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்த மக்களுக்கே உரிமை தருகிறது. மூங்கிலில் கை வைக்க உரிமை இல்லாமல் கூடை முடையும் கலை பற்றிப் பேசுவது வெறும் அலங்காரம். விழா அரங்கில் இந்தச் சட்டத்தைச் சொல்லும் ஒரு பலகைக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

ஏன் இவ்வளவு கறாராகப் பேச வேண்டும்? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழ்க் கூலிகளில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப்போகப்பட்ட கைகள் அவை. ஊரில் அந்தக் கைகளுக்கு வருஷம் முழுக்க ஒழுங்கான விலை கிடைத்திருந்தால், தரகர் பேச்சு அவ்வளவு சுலபமாக எடுபட்டிருக்காது. ஒரு சாமைப் பாக்கெட்டின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றத்தான் வேண்டும், பாக்கெட்டின் விலை என்பதே அந்த வீட்டின் கூலி.

கோடை விழா வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஓரிரு நாள் கூட்டத்தைக் காட்டி ஆண்டு முழுவதற்குமான சந்தை வந்துவிட்டதாக நம்மை நம்பவைக்கிறதே, அதுதான் குறை. சீட்டில் ஊர்ப்பெயரும் அதில் போன வேலையும் இருக்கட்டும். விலையை விளைவிக்கிற பெண்களே சொல்லட்டும். அடுத்த முறை மலையேறுபவர்கள் பேரத்தைத் தொடங்கும் முன், கல் பொறுக்க எத்தனை நாழி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.