பீட்டில்ஸா, ஸ்டோன்ஸா? கணக்கில் வராத குரல்கள்

பீட்டில்ஸ் உசத்தியா, ரோலிங் ஸ்டோன்ஸ் உசத்தியா என்ற வாதம் 1960களில் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. பாட்டுக் கட்டும் திறனில் லென்னன்–மெக்கார்ட்னி ஜோடியை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். சேர்ந்து வாசிக்கும் வலுவில் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரும் சார்லி வாட்ஸின் டிரம்ஸும் முன்னே நிற்கும் என்பார்கள். இரண்டையுமே பெரும்பாலும் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே ஒப்பிடப்படுபவை ஆண்கள் மட்டுமே கொண்ட இரண்டு மூடிய குழுக்கள். அந்தப் பாடல்களுக்குள் உழைத்த பெண்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள் என்று கேட்டால் ஒப்பீடே மாறிவிடுகிறது.

முதலில் பாட்டுக் கட்டும் திறனை எடுத்துக்கொள்வோம். 1963இல் பீட்டில்ஸ் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களில் பிறருடைய பாடல்கள் 12 உண்டு. அவற்றில் 5, அமெரிக்கக் கறுப்பினப் பெண்குழுக்கள் முன்பே பாடியவை: ஷிரெல்ஸ் பாடியவை இரண்டு, குக்கீஸ், மார்வலெட்ஸ், டோனேஸ் பாடியவை ஒவ்வொன்று. குக்கீஸின் பாடலைக் கணவர் ஜெர்ரி கோஃபினுடன் சேர்ந்து எழுதியவர் கரோல் கிங். மார்வலெட்ஸ் பாடலை எழுதியவர்களில் அக்குழுவில் இருந்த ஜார்ஜியா டாபின்ஸும் ஒருவர். பீட்டில்ஸ் இவற்றைத் திருடவில்லை. எழுதியவர்களின் பெயரைப் போட்டே வெளியிட்டார்கள். ‘பாய்ஸ்’ பாடலில் பையன்களைப் பற்றிய பல்லவியைக்கூட மாற்றாமல் பாடினார்கள்.

இந்தப் பாடல்களிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டதுதான் முக்கியம். முன்னணிக் குரலுக்குத் தோழிகள் பதில் சொல்வதுபோல எழும் பின்குரல்கள், காதலைத் தனியே புலம்பாமல் தோழமைக்குள் பேசித் தீர்க்கும் பாங்கு – இவை பெண்குழுப் பாடல்களின் இலக்கணம். அதே ஆண்டு வந்த ‘ஷி லவ்ஸ் யூ’வைக் கேளுங்கள். அங்கே பாடுபவன் காதலன் அல்லன். இருவருக்கும் நடுவே நின்று நண்பனுக்குப் புத்தி சொல்பவன். நம் அகப்பாடல்களில் தோழி நிற்கும் இடம் அது. பின்னால் வந்த ராக் வரலாறு லென்னன்–மெக்கார்ட்னியைத் தானாக முளைத்த மேதைகளாக்கியது. அவர்கள் படித்த பள்ளிக்கூடம் அடிக்குறிப்பானது.

அடுத்து வாசிப்பு. 1967இல் வந்த ‘ஷி இஸ் லீவிங் ஹோம்’, விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. பெற்றோரின் புலம்பலையும் கூடவே கேட்கவைக்கும் நல்ல பாட்டு. அதில் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்கூட எந்த வாத்தியத்தையும் வாசிக்கவில்லை. இருவர் பாடுகிறார்கள், அவ்வளவுதான். பாட்டைத் தொடங்கிவைக்கும் ஹார்ப்பை வாசித்தவர் ஷீலா புரோம்பெர்க். பீட்டில்ஸ் ஆல்பம் ஒன்றில் வாசித்த முதல் பெண் அவர். அன்றைய வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 9 பவுண்டு.

ஸ்டோன்ஸின் மிகச்சிறந்த பதிவு எது என்று கேட்டால் 1969இன் ‘கிம்மி ஷெல்டர்’ என்பேன். ரிச்சர்ட்ஸின் கிட்டார் தொடக்கம் அச்சுறுத்துகிறது. வாட்ஸின் தாளம் இம்மியும் பதறுவதில்லை. ஆனால் பாட்டின் உயிர் மெர்ரி கிளேட்டனின் குரலில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில், கர்ப்பிணியாக இருந்த அவரை அழைத்துப் பாடவைத்தார்கள். வன்புணர்வையும் கொலையையும் சொல்லும் அடியை அவர் திரும்பத் திரும்பப் பாட, உச்சத்தில் குரல் உடைகிறது. அந்த வார்த்தைகளை எழுதியவர்கள் ஆண்கள்; அவற்றை நம்பவைத்தது ஒரு பெண்ணின் உடல். வீடு திரும்பியபின் அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. பாட்டுக்கு உரியவர்களாகப் பதிவானவை ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு பெயர்கள். ஆல்பத்தின் உறையில் மெர்ரியின் பெயரே ‘மேரி’ என்று தப்பாக அச்சானது.

எழுதிய பெண்ணுக்கும் பெயர் எளிதில் கிடைத்துவிடவில்லை. மரியான் ஃபெய்த்ஃபுல் ‘சிஸ்டர் மார்ஃபின்’ பாடலை 1969இல் தானே பாடி வெளியிட்டார். 1971இல் ஸ்டோன்ஸின் ஆல்பத்தில் அது வந்தபோது ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்கள் மட்டுமே இருந்தன. அவர் பெயர் சேர 1994இன் மறுவெளியீடுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாட்டாசிரியர் என்ற பெயர் வெறும் மரியாதை இல்லை. பாட்டு விற்கும்வரை ராயல்டி வரும். கூப்பிட்டு வந்து பாடியவருக்கோ அன்றைய கூலியோடு கணக்கு முடியும். கிளேட்டனின் குரல் உடையும் அந்தக் கணம் எந்த இசைக்குறிப்பிலும் எழுதப்பட்டதில்லை; ஆகவே அது ‘எழுத்து’ ஆகாது. எழுதுவதே படைப்பு, பாடுவது சேவை என்ற பிரிவினை ரசனையின் பெயரில் நமக்கு வருகிறது. அதன் அடியில் சொத்துரிமை இருக்கிறது.

இந்தக் கணக்கோடு பார்த்தால் இரண்டு குழுக்களின் வித்தியாசம் தெளிவாகும். பீட்டில்ஸ் பெண்களின் பாடல்முறையை உள்வாங்கித் தமதாக்கிக்கொண்டார்கள். அதனால்தான் அவர்களுடைய ஆரம்பகாலப் பாடல்களில் அத்தனை இணக்கம். ஸ்டோன்ஸ் தங்கள் உச்சத்தில் ஒரு பெண்குரலை வெளியிலிருந்து வரவழைத்தார்கள், வெளியிலேயே நிறுத்தினார்கள். பாட்டு எழுதும் திறனில் என் ஓட்டு இன்னும் பீட்டில்ஸுக்குத்தான். ஆனால் அந்தப் பத்தாண்டின் ஒரே ஒரு ராக் பதிவைச் சொல் என்றால் ‘கிம்மி ஷெல்டர்’ என்றே சொல்வேன். அதைச் சொல்லும்போது மெர்ரி கிளேட்டனின் பெயரை முதலில் சொல்வேன்.